பாக்கெட் தைக்காத கவுன்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் தையற்காரியை மெஷின் முன்னால் அழவிட்டு முடித்ததற்காக எனக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமில்லை. "அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லது நடக்க விடவே மாட்டீர்களா?" என்று ஒரு வாசகி நாலு பக்கம் எழுதியிருந்தார். நான் என்ன செய்வேன் அம்மா? அவள் செய்ததைத்தானே நான் எழுத முடியும்? இந்த வாரம் அவள் செய்த காரியத்தைப் படியுங்கள். பிறகு யாரைத் திட்டுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சபையிலிருந்து பாஸ்டரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் பத்து நாள் ஊழியத்துக்காக ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு வந்திருக்கிறார்கள். தாய் தகப்பன் இல்லாத, அதிலும் தீராத நோய் உள்ள பிள்ளைகள் மட்டும் இருக்கும் இல்லம். பன்னிரண்டில் மூன்று பேர் நம் குடும்பம். மருந்து கொடுக்க நர்ஸ். ஜெனரேட்டரையும் தண்ணீர் மோட்டாரையும் சரிசெய்ய அவளுடைய அண்ணன், மெக்கானிக். முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் புதுத்துணி தைக்க அண்ணன் மனைவி, நம் தையற்காரி.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் மூன்று வருஷமாக "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்பதற்கு மேல் பேச்சு கிடையாது. மூன்றாவது தடவையும் கரு தங்காமல் போனபோது, வீடு நிறைய ஆட்கள் இருக்கையில், "இதுக்கு மேல உடம்பு தாங்காது அண்ணி, விட்டுடுங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். நர்ஸாகச் சொன்னது சரிதான். நாத்தனாராக அதைக் கேட்டவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படிப்பட்டவள் கையில் இங்கே ஒரு ஏழு வயதுப் பெண் வந்து மாட்டினாள். அல்லது இவள் போய் அவளிடம் மாட்டினாள்.

அந்தப் பெண்ணுக்கு இல்லத்தில் எல்லோரும் வைத்த பெயர் வக்கீல். பாஸ்டர் "ஒரு நிமிஷம் இரும்மா" என்றால் நின்று அறுபது எண்ணிவிட்டு, "ஆயிடுச்சு, வாங்க" என்பாள். வாரம் ஒருமுறை வந்துபோகும் டாக்டர் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லி ரத்தம் எடுத்ததற்காக, "பொய் சொன்னீங்க, ஒத்துக்குங்க" என்று அரைநாள் அவர் பின்னாலேயே சுற்றினாள். பிறந்து நாலு வருஷத்திலேயே சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் அரைமணிக்குள் சாப்பிட்டே ஆகவேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டுவிடும். அதற்காகவே அவள் கவுன் பாக்கெட்டில் எப்போதும் நாலு குளுக்கோஸ் மாத்திரை இருக்கும். தலை சுற்றினால் உடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டியது.

இன்று பத்தாவது நாள். நாலு மணிக்கு வேன் கிளம்புகிறது. கிளம்புவதற்கு முன்னால் வார்டனம்மா ஒரு பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். வக்கீலை இந்தத் தம்பதிக்குத் தத்துக் கொடுக்க இல்லம் சிபாரிசு செய்யுமா, செய்யாதா? தையற்காரி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

*

முதல் நாளே வார்டனம்மா பன்னிரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னதை இங்கே ஞாபகப்படுத்தியாக வேண்டும்.

"உங்கள யாரும் அம்மான்னு கூப்பிட விடாதீங்க. இன்னொண்ணு. போகும்போது புள்ளைங்ககிட்ட 'போயிட்டு வரேன்'னு சொல்லாதீங்க."

பாஸ்டர் சிரித்துவிட்டார். "பின்ன 'போறேன்'னா சொல்றது? நல்லாவா இருக்கும்?"

"ஒண்ணும் சொல்லாமப் போங்க. இங்க பாதிப் புள்ளைங்ககிட்ட யாரோ வரேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

வக்கீலின் அம்மாவும் அப்படிச் சொன்னவள்தான். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே, "போயிட்டு வரேன் கண்ணு, இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் அறைக்குள் போனாள். வரவில்லை. ஐந்து வயதுப் பெண் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்க மறுத்து மறுநாள் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாளாம். கடைசியில் தூங்கிப்போன பிறகுதான் தூக்க முடிந்தது.

இது தையற்காரிக்குத் தெரியும். தெரிந்தும் செய்தாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

*

மணி பன்னிரண்டே கால். நர்ஸ் சர்க்கரைப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஊசி போட்டுவிட்டு, சுவரில் தொங்கும் அவர்கள் அட்டைகளைச் சிவப்புப் பக்கம் திருப்பினாள். ஊசி போட்டால் சிவப்பு. சாப்பிட்டால் பச்சை. அதைத் திருப்புவது சமையல்கார அக்காவின் வேலை.

"அண்ணி, நான் போய்ப் பெட்டி கட்டறேன். இவ சாப்பாட்ட நீங்க பாத்துக்குங்க" என்றாள் நர்ஸ். மூன்று வருஷத்தில் அவள் அண்ணியிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

நாத்தனார் அந்தச் சின்ன வேலையைக் கேட்டதிலேயே தையற்காரிக்குத் தலைகால் புரியவில்லை. "நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாதே" என்றாள்.

முப்பது உருப்படி தைத்து முடித்தாயிற்று. முப்பத்தொன்றாவது வக்கீலின் கவுன். அதையும் தைத்து வக்கீல் மாட்டிக்கொண்டும்விட்டாள். பாக்கெட் ஒன்றுதான் பாக்கி. வெட்டிய துண்டு மெஷின் மேல் இருந்தது. மாத்திரை கீழே விழாமல் இருக்கப் பாக்கெட்டுக்கு ஒரு மூடி வைத்து, அதில் ஒரு பிரஸ் பட்டன் அடிக்க வேண்டும் என்று இவளுக்கு ஆசை. பட்டன் தீர்ந்துபோயிருந்தது.

"பட்டன் இல்லாட்டி என்னவாம்?" என்றான் மெக்கானிக். "அப்படியே தெச்சுக் குடேன். பத்து நாள்ல ஒரு கடை பாக்கி விடல நீ."

"ஓடும்போது மாத்திரை விழுந்துடுங்க. பழைய கவுன்லயும் அப்படித்தான் விழுந்துட்டே இருந்துச்சு. கடைத்தெரு பக்கத்துலதானே, போய் வர பத்து நிமிஷம்."

பழைய கவுனை எடுத்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். அதன் முதுகுப் பக்கம் இருந்த பிரஸ் பட்டனைப் போலவே வாங்கலாம் என்ற எண்ணம். தையற்காரியின் பழக்கம் அது. எதை வாங்கப் போனாலும் மாதிரியைக் கையோடு கொண்டுபோவாள்.

பின்வாசலில் மெக்கானிக் இல்லத்து பைக்கை உதைத்துக்கொண்டிருந்தபோது, வக்கீல் புதுக் கவுனைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"எங்க போறே? நாலு மணிக்குத்தானே வேன்?"

"கடைக்குடா. போயிட்டு வரேன். வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம். சரியா?"

வாய் தவறி வந்துவிட்டது. வீட்டை விட்டுப் படியிறங்கும் போதெல்லாம் நாற்பது வருஷமாக வாயில் வருகிற வார்த்தை. சொன்னவளுக்குச் சொன்னதே தெரியவில்லை. பைக் கிளம்பிவிட்டது.

கேட்டவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் காதில் ஏறியிருந்தது.

*

கடையில் பட்டன்காரருக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். "இது கொஞ்சம் பெரிசு. இது கலர் சேராது. இருங்க, மேல ஒரு டப்பா இருக்கு" என்று ஏணியைத் தேடிப் போனார்.

"அண்ணே, எதையாவது குடுங்க. நேரமாகுது."

"எதையாவது போட்டா நாளைக்கு என்னைத்தானேம்மா திட்டுவீங்க?"

மணி ஒன்றாகிவிட்டது. அவர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் பழைய பட்டனைக் காட்டிவிடலாம் என்று இவள் பையிலிருந்து கவுனை எடுத்து உதறினாள். பாக்கெட்டிலிருந்து என்னவோ குலுங்கியது. கையை விட்டாள்.

நாலு குளுக்கோஸ் மாத்திரை.

நாலும் இங்கே இருந்தால் அவளிடம் என்ன இருக்கிறது? அவள் மாட்டியிருக்கிற கவுனில் பாக்கெட்டே இல்லையே! ஊசி போட்டு முக்கால் மணி ஆகிவிட்டதே!

போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எந்தப் பெட்டிக்குள் போட்டுக் கட்டினாளோ தெரியவில்லை. இல்லத்து ஆபீசுக்குப் போட்டாள். வார்டனம்மாவே எடுத்தார்.

"அம்மா, வக்கீல் சாப்பிட்டாளா பாருங்கம்மா."

"சாப்பிட்டாச்சு. அட்டை பச்சையா இருக்கே, இங்கிருந்தே தெரியுது."

ஒரு நொடி மூச்சு வந்தது. உடனே நின்றது. பின்வாசலில் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம். பாஸ்டரின் ஒரு நிமிஷத்தை எண்ணிப் பார்க்கிறவள் தனியாகச் சாப்பிட்டிருப்பாளா?

"அட்டைய விடுங்கம்மா. ஆள நேர்ல ஒரு தடவை பாருங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"என்னம்மா நீங்க, இத்தனை வருஷமா அட்டைய வச்சுத்தான்..."

"போய்ப் பாருங்கம்மா!" என்று கத்தினாள். கடைக்காரர் ஏணியிலேயே நின்றுவிட்டார்.

*

நடந்தது இதுதான். வக்கீல் சமையலறை ஜன்னலில் போய் இரண்டு தட்டு கேட்டிருக்கிறாள். "எனக்கு ஒண்ணு, தையலத்தைக்கு ஒண்ணு." அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு சமையல்கார அக்கா இரண்டு தட்டையும் நிரப்பிக் கொடுத்து, அட்டையைப் பச்சைக்குத் திருப்பிவிட்டாள். தட்டு ஜன்னலைத் தாண்டினால் சாப்பிட்ட மாதிரி என்பது அங்கே வழக்கமாகிப் போயிருந்தது.

கூடத்தில் இல்லை. படுக்கை அறையில் இல்லை. தையல் அறையில் இல்லை. வேன் பக்கம் பைகளை ஏற்றிக்கொண்டிருந்த யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகள் ஆளாளுக்கு ஒரு இடம் காட்டினார்கள்.

நர்ஸ்தான் கண்டுபிடித்தாள். பின்வாசலில், பைக் நிற்கும் தகரக் கொட்டகையில், ஒரு பழைய டயர் மேல் சுவரில் சாய்ந்தபடி வக்கீல் இருந்தாள். முன்னால் இரண்டு தட்டு. ஒன்றைக் கொண்டு இன்னொன்றை மூடிவைத்திருந்தாள், ஈ மொய்க்காமல் இருக்க. ஒரு பருக்கை கலையவில்லை.

"ஏய், வக்கீல்! இங்க பாரு. என்னைப் பாரு!"

பதிலில்லை. புதுக் கவுன் முழுக்க வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. கை சில்லென்றிருந்தது. பல் கிட்டியிருந்தது. நர்ஸின் கை தானாகக் குழந்தையின் இடுப்புக்குப் போய், மாத்திரை இருக்கும் இடத்தைத் தேடியது. துணிதான் கையில் வந்தது.

"சக்கர கொண்டு வாங்க! ஓடுங்க!"

சமையல்கார அக்கா டப்பாவோடு ஓடிவந்தாள். நினைவில்லாத குழந்தைக்கு வாயில் எதையும் ஊற்ற முடியாது, புரையேறிவிடும். நர்ஸ் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்துக் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தாள். விரலில் குத்தி, இல்லத்தில் இருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினில் வைத்தாள். எண்ணே காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். ஊசியும் பாட்டிலும் எங்கே? ஊழியக்காரர்களின் மருந்துப் பெட்டியில். அந்தப் பெட்டி எங்கே? ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இவளே கட்டி, இவளே முதல் ஆளாக வேனில் ஏற்றி, அதன் மேல் பதினொரு பேர் பையும் ஏறியிருந்தது.

"எல்லாத்தையும் கீழ தள்ளுங்க!" என்று அலறினாள். பாஸ்டர் தன் கோட்டுப் பையையும் சேர்த்து மண்ணில் எறிந்தார்.

இதற்கு நடுவில் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது.

*

ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், பாதி வழியில் நின்றிருந்தது. மெக்கானிக் ஹாரனை அடித்துப் பார்த்தான். அடித்து என்ன பிரயோஜனம்?

"நீ இறங்கி ஓடு. பாலத்து மேல ஏறி ஓடு" என்றான்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். படி ஏறி, பாலத்தைக் கடந்து, படி இறங்கி, நாலு தெரு. கையில் பழைய கவுன். நாற்பது வயசுக்கு மேல் ஒரு பெண் தெருவில் அப்படி ஓடினால் என்ன ஏது என்று கேட்க நாலு பேர் வருவார்கள். வந்தார்கள். இவள் நிற்கவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்தபோது நர்ஸ் மண்டிபோட்டுக் குழந்தையின் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் குத்தி இரண்டும் தவறியிருந்தது. சில்லிட்ட கையில் நரம்பு எழும்பவில்லை.

"அண்ணி, இந்தக் கையத் தேய்ங்க. சூடு வர்ற மாதிரி தேய்ங்க. அழாதீங்க, தேய்ங்க!"

தேய்த்தாள். மூன்றாவது குத்தில் நரம்பு கிடைத்தது. பாஸ்டர் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷத்தில் மெஷின் எண்பது காட்டியது. பத்தாவது நிமிஷத்தில் நூற்றிருபது. குழந்தை கண் திறக்கவில்லை.

"ஏறிடுச்சே, ஏன் முழிக்கல?" என்றாள் தையற்காரி. "சொல்லு, ஏன் முழிக்க மாட்டேங்கறா?"

நர்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "வேனை எடுங்க" என்றாள்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். வார்டனம்மா, சமையல்கார அக்கா, நம் மூன்று பேர். பைக்கைப் போட்டது போட்டபடி மெக்கானிக்கும் வந்து சேர்ந்திருந்தான். உள்ளே பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"சர்க்கரை இப்ப சரியா இருக்கு. ஆனா எவ்வளவு நேரம் இல்லாம இருந்துச்சுன்னு தெரியணும். மூளைக்கு அதுதானே சாப்பாடு. முழிச்ச பிறகுதான் எதுவும் சொல்ல முடியும். முழிக்கணும் முதல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "ஊசி போட்ட புள்ளைய யாரு சாப்பிடாம விட்டது?"

வார்டனம்மா சமையல்கார அக்காவைப் பார்த்தார். "பதினாலு வருஷமா இருக்கே. சாப்பிடாத புள்ளைக்கு அட்டையத் திருப்புவியா? இன்னையோட நீ வர வேண்டாம்."

"ரெண்டு தட்டு கேட்டாளேம்மா... அத்தைக்கும்னு கேட்டாளே..." என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தையற்காரி வாயைத் திறக்கப் போனாள். மெக்கானிக் அவள் கையைப் பிடித்து நெரித்தான்.

"சும்மா இரு" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "நீ பின்வாசல்ல சொன்னது எனக்கும் உனக்கும்தான் தெரியும். இப்ப சொன்னா புள்ள கிடைக்காது. ஜென்மத்துக்கும் கிடைக்காது."

அவன் கெட்டவன் இல்லை. மூன்று தடவை வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தவன். அவன் சொன்னதும் உண்மைதான்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அந்த அக்காவ விடுங்கம்மா. நான்தான். போயிட்டு வரேன், வந்து சேர்ந்து சாப்பிடலாம்னு நான்தான் சொன்னேன். மாத்திரைய வேற கவுனோட எடுத்துட்டுப் போயிட்டேன். அவ எனக்காக உக்காந்திருந்தா."

நர்ஸ் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஊசி போட்டது நான். போட்டவதான் சாப்பிடறதக் கண்ணால பாக்கணும். அதுதான் எங்க வேலையில முதல் பாடம். நான் பெட்டி கட்டப் போயிட்டேன். அண்ணிய மட்டும் சொல்லாதீங்க."

தையற்காரி திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கே கட்டிக்கொண்டு அழுதிருப்பாள்.

வார்டனம்மா கைப்பையைத் திறந்தார். நீளமான ஒரு கவர். மேலே தம்பதியின் முகவரி எழுதி ஒட்டியிருந்தது.

"இதை நாலு மணிக்கு உங்க கையில குடுக்கறதா இருந்தேன்" என்றார். மறுபடியும் பைக்குள் வைத்து மூடினார். "எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. ஆனா அவ முழிக்கும்போது நீங்க இங்க இருக்கக் கூடாது. இன்னொரு தடவை வரேன்னு ஒருத்தர் அவகிட்ட சொல்ல நான் விடமாட்டேன். உங்க வேன் நாலு மணிக்கு. கிளம்புங்க."

மெக்கானிக் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

தையற்காரி சண்டை போடவில்லை. "அவ முழிக்கற வரைக்கும் மட்டும் இருக்கேம்மா. கட்டில் ஓரமா, சத்தமில்லாம இருக்கேன். முழிச்சதும் போயிடறேன். சத்தியமா." வார்டனம்மா அரைமனதாக உள்ளே கைகாட்டினார்.

*

மூன்று மணி. கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் குழல் விளக்கும் எரிந்தது.

தையற்காரி தலைமாட்டில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பத்து நாளாக எல்லோரோடும் சேர்ந்து அழகான ஜெபங்கள் சொன்னவளுக்கு இப்போது ஒரு வரிதான் வந்தது. "கண்ண மட்டும் திறந்துடட்டும் ஆண்டவரே. அவ கண்ணுல படாமலே நான் போயிடறேன். அவ கண்ணுல படாமலே போயிடறேன்."

நர்ஸ் பாட்டிலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். வெளியே வேன் வந்து நின்று ஒரு தடவை ஹாரன் அடித்தது.

குழந்தையின் விரல் அசைந்தது. பிறகு உதடு. பிறகு இமை இரண்டும் மெல்லத் திறந்தன.

"ஆண்டவரே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் தையற்காரி. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவசரமாகப் பின்வாங்கினாள். ஆனால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நேராகக் குழந்தையின் முகத்துக்கு எதிரே வந்து நின்றுவிட்டாள். ஒரு முழ தூரம்கூட இல்லை.

குழந்தை அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

"ஏன் லைட்ட அணைச்சிட்டீங்க?" என்றது.

நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். மெதுவாகக் கையை நீட்டி, அந்தக் கண்களுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இமை ஆடவில்லை. விரல் நுனி கிட்டத்தட்ட இமைமுடியைத் தொடும் வரை கொண்டுபோனாள். அப்போதும் ஆடவில்லை.

நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையற்காரிக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் இதையா கேட்டேன், நான் இதையா கேட்டேன் என்று உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"யாரு இருக்கீங்க?" என்றாள் வக்கீல். நாக்கு குழறியது. "தையலத்தை வந்தாச்சா?"

வாசலில் வார்டனம்மா நின்றிருந்தார். தையற்காரி வாயைப் பொத்திய கையை எடுக்காமல், பேசமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். போய்விடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாளே.

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓட வேண்டியவள். ஓடுவதற்கு முன்னால் குனிந்து அண்ணியைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"அண்ணி, எதுக்குன்னாலும் பிறகு அழலாம். சிலருக்கு ரெண்டு நாள்ல திரும்பி வந்துடும், சிலருக்கு..." முடிக்கவில்லை. "இப்ப வாயத் திறங்க. இன்னைக்கும் ஒருத்தர் வரலன்னு அவ நெனைக்கக் கூடாது." வாசல் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க என்னை அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க."

அண்ணியின் கையைப் பிடித்துக் குழந்தையின் கைக்குள் வைத்துவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள்.

வார்டனம்மா வாசலை விட்டு ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். வெளியே வேன் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது.

"வந்துட்டேன்டா" என்றாள் தையற்காரி.

சின்ன விரல்கள் அவள் கையைத் தடவின. தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன ஆள்காட்டி விரல் நுனியைக் கண்டுபிடித்ததும் அங்கேயே நின்றன.

"பத்து நிமிஷம்னு மாமாகிட்ட சொன்னே. எனக்குக் கேட்டுச்சு. இவ்வளவு நேரமா வர்றது?" என்றாள் வக்கீல். "சரி, லைட்டப் போடச் சொல்லு. சாப்பிடலாம்."